கத்தும், ஆனால் பிடித்து வைக்காது: பைக் அலாரம் கேள்வி-பதில்

கேள்வி: பைக்குக்கு அலாரம் வாங்கப் போகிறேன். ஒரு பெட்டியில் 125 டெசிபெல் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 110. சத்தம் அதிகமானதையே எடுத்துவிடலாமா?

பதில்: அந்த 125-ஐ எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று பெட்டியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. தூரம் சொல்லாத டெசிபெல், எத்தனை லிட்டருக்கு என்று சொல்லாத மைலேஜ் மாதிரி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். சைரனின் வாயிலிருந்து 10 சென்டிமீட்டரில் மைக்கை நீட்டி 125 வாங்கியிருந்தால், 1 மீட்டரில் அது 105தான். 10 மீட்டர் தள்ளிப் படுத்திருக்கும் உங்களுக்கு 85. ஒரு மீட்டரில் அளந்து நேர்மையாக 110 என்று அச்சடித்தவனின் சைரன்தான் இதைவிடச் சத்தமானது. நீங்கள் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் தூங்குகிறவர் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

நான் முதலில் பார்ப்பது, சைரனுக்குள் சொந்தமாக ஒரு பேட்டரி இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் பைக் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கிய நொடியே அலாரமும் வாயை மூடிக்கொள்ளும். அதற்கடுத்து, பூட்டி நிறுத்தியிருக்கும்போது அது எத்தனை மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று. அதன் அருமை கீழே இன்னொருவர் கடிதத்தில் தெரியும்.

கேள்வி: அலாரம் போட்டுவிட்டால் செயின் பூட்டு தேவையில்லைதானே?

பதில்: தேவை. அதுவும் முதலில் செயின், மிச்சப் பணத்தில் அலாரம். இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி வேனில் வைத்துக் கதவைச் சாத்தினால், உள்ளே அது கத்திக்கொண்டேதான் போகும். அசையாத எதனுடனாவது சேர்த்துப் பூட்டிய வண்டியைத்தான் தூக்க முடியாது.

கேள்வி: அலாரம் பொருத்தி ஒரு மாதம்தான் ஆகிறது. இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. புது பேட்டரி போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே கதை. பேட்டரிக் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: பாவம் அவர், அவரைத் திட்டாதீர்கள். சிறிய பைக்குகளில் இருப்பது 5 ஆம்பியர்-ஹவர் அளவிலான பேட்டரி. உங்கள் அலாரம் சும்மா நிற்கும்போது 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-ஹவர். ஐந்தாம் நாளே பாதி காலி, செல்ஃப் முனக ஆரம்பிக்கும். பத்தாம் நாள் உள்ளே ஒன்றும் இருக்காது. இதே வேலையை 2 மில்லி ஆம்பியரில் செய்யும் அலாரமும் இருக்கிறது. அது ஒரு மாதம் முழுக்க விழித்திருந்தாலும் ஒன்றரை ஆம்பியர்-ஹவர்கூட எடுக்காது.

நீங்களே அளக்கலாம். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில்தான் செருக வேண்டும். கரண்ட் கிடைத்ததும் அலாரம் ஒருமுறை கத்தும். மில்லி ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் அந்தக் கத்தலிலேயே மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சைரன் அடங்கி, அலாரம் பூட்டிய நிலைக்கு வந்து, சில நிமிடம் போன பிறகு காட்டும் எண்தான் உண்மை. மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். எண் 15, 20 என்று வந்தால் அலாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். முடியாது என்கிறார்களா, வெளியூர் போகும்போது நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுச் செயினை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: ரிமோட்டிலேயே ஸ்டார்ட் செய்யும் அலாரம் வந்திருக்கிறதாமே. காலையில் மாடியிலிருந்தே இன்ஜினைச் சூடாக்கிவிடலாம் என்கிறார்கள்.

பதில்: எனக்கும் அந்த ஆசை வந்தது. வாங்கினேன். மூன்றாம் நாள் காலை, கையில் காபி டம்ளரோடு ஜன்னலில் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். முந்தின இரவு சரிவில் நிறுத்தியதால் முதல் கியரில் போட்டு வைத்திருந்ததை மறந்துவிட்டேன். வண்டி ஒரு எம்பு எம்பியது. சைடு ஸ்டாண்டை உதறிவிட்டு நேரே போய்ச் சுவரில் முட்டிச் சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது, கிளட்ச் லீவர் வளைந்தது. அதோடு விட்டதா? வண்டி சாய்ந்ததைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அதே அலாரம் ஊரைக் கூட்டியது. அப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

கிளட்சைப் பிடிக்காமல் கியரில் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று கம்பெனி ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறது. அலாரத்தின் ஒயர் அதை ஒதுக்கிவிட்டு நேராக, செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்டார்ட்டர் ரிலேவுக்குப் போயிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. சாவி இல்லாமல் இன்ஜினை ஓட்டும் ஒயரிங்கை நாமே காசு கொடுத்து சீட்டுக்கு அடியில் கட்டி வைக்கிறோம். திருடனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி: ஓடும்போது ரிமோட்டை அழுத்தினால் இன்ஜின் நின்றுவிடும் வசதி இருக்கிறது. வழிப்பறி நடந்தால் உதவுமாம்.

பதில்: ரிமோட் இருப்பது உங்கள் பேண்ட் பாக்கெட்டில், சாவிக்கொத்தோடு. பின்னால் லாரி வரும்போது உங்கள் தொடையே அதை அழுத்தினால்? அந்த ஒயரை மாட்டவே வேண்டாம் என்று பொருத்துகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, அலாரம் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று அணைந்துவிடுகிறது. ஹேண்டிலை ஆட்டினால் திரும்ப வருகிறது. பொருத்தியவர் "வண்டியில்தான் கோளாறு" என்கிறார். சர்வீஸ் சென்டரில் "அலாரத்தில்தான் கோளாறு" என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: உங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, ஆத்திரமும் வருகிறது. ஹேண்டிலை ஆட்டினால் வருகிறது என்று நீங்கள் எழுதியதே போதும். ஒயரைச் சீவி, இரண்டு விரலால் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, "முடிஞ்சது சார், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் கூட்டத்திடம் மாட்டியிருக்கிறீர்கள்.

டேப் சுற்றுவது ஒரு இணைப்பே அல்ல. இன்ஜின் சூட்டில் அதன் பசை இளகும், டேப் தானாக உருண்டு விலகும், உள்ளே தண்ணீர் இறங்கும், செம்பு பச்சை பூக்கும். வண்டியின் அதிர்வில் முறுக்கு மெல்ல மெல்லப் பிரியும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, ஒயரை வெட்டாமலே மேலே கவ்விக்கொண்டு உள்ளே ஒரு தகட்டை இறக்கும் கிளிப் ஒன்று இருக்கிறது. அரை நிமிட வேலை. அந்தத் தகடு ஒயரின் இழைகளில் சிலவற்றை அறுத்துவிடலாம், மிச்சம் நாளடைவில் துருவில் போகும். அலாரப் பெட்டிக்குள்ளேயே அந்தக் கிளிப்பைப் போட்டுத் தருகிறார்கள் என்பதுதான் கொடுமை. என் முதல் அலாரத்தை நானே முறுக்கி, நானே டேப் சுற்றினேன். ஒரு ராத்திரி மழையில் நாலு கிலோமீட்டர் தள்ளினேன். அந்த நாலு கிலோமீட்டரில் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சரியான முறை இதுதான்: ஒயர் அளவுக்கேற்ற இணைப்பானை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும், குறட்டால் நசுக்கக் கூடாது. மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூபைச் சூடாக்கிச் சுருக்க வேண்டும். சால்டரிங் செய்தாலும் சரிதான், ஆனால் சால்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைப்பாகி அதிர்வில் ஒடியும் என்பதால் இரண்டு பக்கமும் ஆடாமல் கட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். எர்த் ஒயரைப் பெயின்ட் மேல் முடுக்கினால் எர்த் ஆகாது, சுரண்டிவிட்டு முடுக்க வேண்டும். சைரனின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தண்ணீர் பிடிக்கும் கிண்ணம்.

உங்கள் வண்டிக்கு: டேங்கைக் கழற்றச் சொல்லுங்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில், அலாரத்தின் இன்ஜின் கட் ஒயர் இக்னிஷன் ஒயரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஒன்று அங்கே முறுக்கு பிரிந்திருக்கும், அல்லது ஒயரை இழுத்துக் கட்டியதில் ஹேண்டில் திரும்பும்போது நசுங்கியிருக்கும். இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினாலும் ஒயர் தளர்வாக இருக்க வேண்டும். இன்ஜினை அணைக்கும் ரிலேவும் முக்கியம்; கரண்ட் பட்டால் இணைப்பை மாற்றும் ஸ்விட்ச் அது. ஐந்து முனை ரிலேவில் 30, 87a என்ற இரண்டும் கரண்ட் இல்லாதபோதே சேர்ந்திருக்கும். இக்னிஷன் அந்த வழியாகப் போனால் அலாரம் செத்தாலும் வண்டி ஓடும். கரண்ட் வந்தால்தான் சேரும் 87 வழியாகக் கொடுத்திருந்தால் அலாரம் தும்மினாலே நீங்கள் நடுரோட்டில். பிரித்ததும் ஃபோட்டோ எடுங்கள். அதைப் பொருத்தியவரிடம் காட்டிச் செலவைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், பில்லையும் ஃபோட்டோவையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ச்சண்டையில் அவர்தான் ஜெயிப்பார், பழக்கம் அதிகம்.

கேள்வி: பூனை தாண்டினால் கத்துகிறது, லாரி போனால் கத்துகிறது. பக்கத்து வீட்டார் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது இரவில் அலாரத்தைப் போடுவதே இல்லை.

பதில்: திருடனுக்கு வேண்டியதும் அதுதான். சில கில்லாடிகள் வண்டியைத் தட்டிவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். நீங்கள் வந்து பார்ப்பீர்கள், ஒன்றும் இருக்காது. மூன்றாவது முறை "சனியன்" என்று அணைத்துவிட்டுப் படுப்பீர்கள், நான்காவது முறை வண்டி இருக்காது. அதிர்வு உணரியின் அளவைக் குறையுங்கள். உங்களுடையதில் பெட்டியின் பக்கவாட்டில் சிறு திருகோ, ரிமோட்டில் படிநிலையோ இருக்கும். சீட்டை உள்ளங்கையால் தட்டினால் சும்மா இருக்க வேண்டும், வண்டியை ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தினால் கத்த வேண்டும். பெட்டியை ஃபிரேமில் ஆடாமல் ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் எந்த அளவும் நிற்காது.

கேள்வி: ரிமோட் இரண்டும் தொலைந்துவிட்டன. பில் இல்லை. அலாரத்தின் பெயரும் ஞாபகமில்லை. புது ரிமோட் எங்கே கிடைக்கும்?

பதில்: எதற்கான ரிமோட்? இரண்டு ரிமோட்டையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பீர்கள், அதனால்தான் இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன. சீட்டைக் கழற்றி, பெட்டியின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வைத்துத் தேடலாம். இல்லையென்றால் அலாரத்தையே கழற்றிவிட வேண்டியதுதான். அடுத்ததை வாங்கும்போது கையேட்டையும் பில்லையும் ஃபோட்டோ எடுத்து வைக்கும் பொறுமை உண்டா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: "ஒவ்வொரு முறையும் ரிமோட்டின் ரகசியக் குறியீடு மாறும், நகலெடுக்க முடியாது" என்று விளம்பரத்தில் இருந்தது. ஆன்லைனில் வாங்கினேன். நண்பர் வைத்திருக்கும் மலிவான நகல் ரிமோட்டில் என்னுடையதை ஒரு அழுத்து அழுத்திப் பதிந்தார். அவர் ரிமோட்டிலேயே என் வண்டி திறக்கிறது. விற்றவர் பதில் தரவில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. நகல் ரிமோட்டில் ஒரே அழுத்தில் பதிந்தது என்றால் உள்ளே இருப்பது மாறாத குறியீடு. ரிமோட்டைத் திறந்து சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஈவி1527 என்றிருந்தால் கதை முடிந்தது, அது ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சிப். ஹெச்சிஎஸ்301 போன்றவைதான் அழுத்தும்போதெல்லாம் மாற்றிச் சொல்பவை. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரியை நீக்கிவிடுவார்கள். சிப்பின் ஃபோட்டோ, நண்பரின் ரிமோட்டில் திறக்கும் வீடியோ இரண்டையும் சேர்த்து, விற்றவருக்கு அல்ல, விற்ற தளத்துக்கும் நீங்கள் பணம் கட்டிய கார்டு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "சொன்ன பொருள் வேறு, அனுப்பிய பொருள் வேறு" என்று எழுதுங்கள்.

கேள்வி: அலாரத்துக்குப் பதிலாக, சாவி தேட வைக்கும் ப்ளூடூத் டேக் ஒன்றை சீட்டுக்கடியில் ஒளித்து வைத்தால் போதாதா?

பதில்: இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அதற்கு இடம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் யாராவது பொருத்தமான ஃபோனோடு நடமாட வேண்டும். ஆளில்லாத கொட்டகையில் அது ஊமை. இன்னொன்று, ஆட்களை வேவு பார்க்க இந்த டேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, "அறியாத டேக் ஒன்று உங்களோடு வருகிறது" என்று திருடனின் ஃபோனுக்கே தகவல் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: "அலாரம் உள்ளது" என்ற ஸ்டிக்கரும், மினுக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் வைத்தால்?

பதில்: வேடிக்கை பார்க்க வந்தவன் போய்விடுவான். வண்டியை எடுக்க வந்தவனுக்கு அது அலங்காரம்.

கேள்வி: ஒயரிங்கே வேண்டாம் என்று, சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கில் மாட்டும், அலாரம் உள்ள டிஸ்க் லாக் வாங்கலாமா? வண்டி இன்னும் வாரண்டியில் இருக்கிறது.

பதில்: வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஒயரை வெட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரண்டியில் கைவிரிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பூட்டோடு வரும் மஞ்சளோ ஆரஞ்சோ சுருள் கயிற்றை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு முனை பூட்டில், மறு முனை ஹேண்டிலில். பூட்டியிருப்பதை மறந்து கிளம்பாமல் இருக்கத்தான் அது. அசிங்கமாக இருக்கிறது என்று நான் அதை மாட்டவில்லை. பெட்ரோல் பங்கில், வரிசையில் பத்துப் பேர் பார்க்க, அரை அடி நகர்ந்து விழுந்தேன். பூட்டு அப்போதும் கத்திக்கொண்டிருந்தது.