காற்று, காடு, அப்புறம்தான் கிலோமீட்டர்: கொங்கு நாட்டில் சைக்கிள் பயணம் – கேள்வி பதில்

சைக்கிளில் நெடுந்தூரம் போவதைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. முக்கால்வாசிப் பேர் முதலில் தூரத்தைத்தான் கேட்கிறீர்கள். கொங்கு நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. அடுத்தது வனத்துறைச் சோதனைச் சாவடி திறந்து மூடும் நேரம். தூரம் அதற்கும் பின்னால்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, ஆடியில் நாங்கள் நாலு பேர் பாலக்காடு போய்த் திரும்பலாம் என்றிருக்கிறோம். வழியில் மலை ஏற்றம் இல்லைதானே?

ஏற்றம் இல்லை தம்பி. ஆனால் ஆடியில் பாலக்காடு போவதும் ஒரு மலை ஏறுவதும் ஒன்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாக ஒரு திறப்பு இருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி நிற்காமல் அந்தத் திறப்பு வழியாக நேரே நம் வயலுக்குள் நுழைகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளை நட்டுவைத்ததற்குக் காரணமே இந்தக் காற்றுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே மிதித்தால் சமதளத்திலேயே சின்ன கியருக்கு வந்துவிடுவீர்கள்.

காற்றாலையையே திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். இறக்கை எப்போதும் காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். எதிரே தெரியும் காற்றாலை உங்களுக்கு முகத்தைக் காட்டினால் காற்று உங்கள் முதுகில். அதன் முதுகு தெரிந்தால் எதிர்காற்று. ஆடியில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் பாலக்காடு வரை ரயிலில் போய், அங்கிருந்து கிழக்கே மிதித்து வாருங்கள். விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், பத்து மணிக்கு மேல் எழும்பும்.

மார்கழி, தையில் எல்லாம் தலைகீழ். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று வாளையாறு தாண்டித் தள்ளிக்கொண்டே போகும். அப்போது பாலக்காட்டோடு நிற்காமல் ஒற்றப்பாலம், பட்டாம்பி வழியாகப் பாரதப்புழையை ஒட்டியே பொன்னானிக் கடற்கரை வரை போய்விடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கடலைத் தொடுகிறோம், ஆனால் மலை ஏறவே இல்லை! இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் நிதானமாகப் போகலாம்.

ஈரோட்டிலிருந்து: முதல் மலை ஊட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா? என் சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?

கோத்தகிரி. யோசிக்கவே வேண்டாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். எந்த வழியில் போனாலும் ஏற வேண்டிய உயரம் ஏறித்தான் ஆக வேண்டும். குன்னூர் வழியில் பஸ்ஸும் காரும் விலகவே நேரம் கொடுக்காது. இந்த வழியில் கோத்தகிரி வரை 33 கிலோமீட்டர், சராசரியாக நூற்றுக்கு ஐந்து அளவு சரிவு. மூச்சு வாங்கும், ஆனால் நிறுத்தாமல் மிதிக்க முடியும். கோத்தகிரியில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் ஊட்டி ஏறுங்கள். ஒரே நாளில் முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மேலே போய் ஒன்றையும் பார்ப்பதில்லை.

மே மாதம் மட்டும் வேண்டாம். கூட்டம் நேரத்தில் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். துணைக்குக் கார் வருகிறதென்றால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் இந்த நடைமுறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சைக்கிள் பாட்டிலைத் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம்.

சைக்கிளில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. முன்னால் சின்ன செயின்வீலில் 34 பல் இருந்தால், பின்சக்கரத்துப் பல்வட்டு அடுக்கில் (கேசட்) பெரிய வட்டிலும் 34 பல் இருக்கட்டும். பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. கடைக்காரர் 28 போதும் என்பார், காலுக்குச் சொந்தக்காரர் நீங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

வளைவு எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வளைவு அதிகம் என்றால் சாலையை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள், சரிவு தாங்கும்படி இருக்கிறது என்று பொருள். (இதை நம்பிக் கொல்லிமலைக்குப் போய்விடாதீர்கள். காரவள்ளியிலிருந்து 70 வளைவு, அடுத்தடுத்து மூச்சு விட இடமில்லாமல் வரும். அது கடைசியில் போக வேண்டிய மலை.) ஆழியாறு சாவடி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். பாறையில் வரையாடு நிற்பது சாதாரணக் காட்சி. அட்டகட்டிக்கு மேல் வெயில் போய்க் காடு குளிரும். வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரமே உட்கார்ந்திருக்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள். நீட்டிப் பழக்கியவர்களால்தான் அவை வண்டியில் அடிபடுகின்றன.

யானை விஷயம் இங்கே நிஜம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைத் துண்டுகள் இருக்கின்றன, யானைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம் சாலையைக் கடந்துதான் போகும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் ஊராரோடு சேர்ந்து முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் யானை இருந்தால் எரியும். கூடவே செல்போன் குறுஞ்செய்தியும் உண்டு. விளக்கு எரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். தோட்டத் தொழிலாளிகளைக் கேளுங்கள், அவர்கள் போகச் சொன்னால் மட்டும் போங்கள். மாலை நாலரைக்கு மேல் சாலையில் இருக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அருமை.

சத்தியமங்கலத்திலிருந்து: பண்ணாரி, திம்பம் வழியாக மைசூர்?

வேண்டாங்க. 27 வளைவும் நன்றாக ஏறிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது 2013 முதல் புலிகள் காப்பகம். இரவில் வண்டி போக 2022 முதல் தடை. பகலில் லாரிகள் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், உங்களுக்கு ஒதுங்க ஓரமில்லை. ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் சாலையிலேயே காத்து நிற்கும். காருக்குக் கதவு இருக்கிறது, சைக்கிளுக்கு என்ன இருக்கிறது? பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு சைக்கிளைச் சரக்கு வேனில் ஏற்றுங்கள், சாம்ராஜ்நகரில் இறங்கி மிதியுங்கள். முதுமலைக்கும் இதே பதில்தான்.

நாமக்கல்லிலிருந்து: மகள் இங்கிலாந்தில் டெவன் பகுதியில் படிக்கிறாள். கோடை விடுமுறையில் கடற்கரையும் மேட்டுப் புல்வெளியுமாகச் சைக்கிளில் சுற்றப் போகிறாளாம். அங்கே மலையே 600 மீட்டர்தான், நம்ம கொல்லிமலை ஏறியவளுக்கு அது எம்மாத்திரம் என்கிறாள். சரியா?

சரியில்லைங்க. டெவனின் மேட்டுப் புல்வெளியான டார்ட்மூரின் உச்சி 621 மீட்டர்தான், உண்மை. ஆனால் நம்ம மலை ஒரே மூச்சாக ஏறும், அந்த ஊர் நாள் முழுக்க ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கொல்லும். கடலுக்கு ஓடும் ஒவ்வொரு ஓடையும் ஒரு பள்ளத்தை வெட்டி வைத்திருக்கிறது. கிராமத்துச் சாலைகள் சுற்றி வளைக்காமல் நேரே செங்குத்தாக இறங்கி நேரே ஏறும். வடக்கே எக்ஸ்மூர் என்னும் இன்னொரு மேட்டுநிலத்தின் ஓரத்தில் போர்லாக் என்று ஒரு ஏற்றம், நாலு அடி போனால் ஒரு அடி உயரும். கோத்தகிரிச் சரிவைப் போல் ஐந்து மடங்கு. அதனால் நான் மேலே சொன்ன 34க்கு 34 கூட அங்கே போதாது, பை கட்டிக்கொண்டு போகிறவளுக்கு முன்னால் 30 பல், பின்னால் 36 பல் இருந்தால் நல்லது. இறங்கித் தள்ளுவதில் அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை என்றும் சொல்லுங்கள்.

முதல் தடவைக்கு இல்ஃப்ரகூமிலிருந்து பிளிமத் வரை போகும் 27ஆம் எண் சைக்கிள் பாதை நல்லது. ஒரு கடற்கரையிலிருந்து எதிர்க் கடற்கரைக்கு, சுமார் 160 கிலோமீட்டர். அதில் நீளமான பகுதிகள் பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கென்று மாற்றியவை. ரயில் ஏறிய சரிவு என்பதால் கால் தப்பிக்கும். டார்ட்மூர் ஓரமாகவே போகும், குட்டைக் குதிரைகள் மேய்வதைப் பார்க்கலாம். மூடுபனி திடீரென்று இறங்கும், எனவே ஜூனில்கூட மழைச்சட்டையும் பின்விளக்கும் வேண்டும். சந்துச் சாலைகளில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்வேலி இருக்கும், எதிரே வரும் கார் தெரியாது. காதுதான் கண். இயர்போனைக் கழற்றச் சொல்லுங்கள்.

காற்று அங்கேயும் தென்மேற்குதான். பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு மூலையிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் வரை 1,400 கிலோமீட்டர் போகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கில் தொடங்குவது காற்றை முதுகில் வாங்கத்தான்.

கோபியிலிருந்து: அக்காவும் நானும், அவள் பன்னிரண்டு வயதுப் பையனும். மலை வேண்டாம். எங்கே போகலாம்?

வாய்க்காலோரம் போங்கம்மா. கொடிவேரி அணையில் ஆரம்பித்து வயலும் தென்னையுமாகச் சுற்றலாம். இன்னும் கொஞ்சம் தூரம் வேண்டுமென்றால் பவானியிலிருந்து காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டிப் போங்கள். 1283இல் வெட்டி முடித்த வாய்க்கால், இன்னமும் பாசனம் நடக்கிறது. தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் நிழலும் குளிர்ச்சியும் கிடைக்கும். பையனைத் தண்ணீரை ஒட்டி விடாமல் வயல் பக்கமாக ஓட்டச் சொல்லுங்கள்.

கரையில் நெருஞ்சி முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு. டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள்ளை எடுத்துவிட்டுத்தான் புது டியூப் போட வேண்டும்.

கோவையிலிருந்து: எனர்ஜி ஜெல் எது நல்லது?

கடலை மிட்டாய்.

சரி, கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். காலையில் கம்பங்கூழும் மோரும், வழியில் பொள்ளாச்சி இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மணிக்கொருமுறை கடலை மிட்டாய். ராத்திரி அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிட்டுப் படுங்கள். கொள்ளு ரசம் வேண்டுமென்றால் பயணம் முடிந்த அன்றைக்கு. ஏற்றத்தின் நடுவே பரோட்டாக் கடையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போகிறது.

பிடித்தபடியே இறங்குவதால்தான். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் இது இன்னும் முக்கியம். ரிம் சூடேறினால் உள்ளே டியூப் வெடிக்கும். அரைமணிக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். கிளம்பும்போதே மாற்று பிரேக் கட்டை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கரூரிலிருந்து: திரும்பி வரும்போது சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?

முடியும். பெட்டிக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பார்சல் அலுவலகத்தில் டிக்கெட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெயரும் இறங்கும் ஊரும் எழுதி ஃப்ரேமில் கட்டிவிடுங்கள், விளக்கையும் பையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு, கோவை, ஈரோடு மாதிரி பெரிய ஸ்டேஷனில் ஏற்றி, பெரிய ஸ்டேஷனில் இறக்குங்கள். சின்ன ஊரில் ரயில் நிற்கும் இரண்டு நிமிஷத்தில் பார்சல் பெட்டியைத் திறக்க ஆள் வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.