டிரம் வேகமாகச் சுற்றுகிறது, காலர் அழுக்கு மட்டும் போகவில்லை

பாலிடெக்னிக் கடைசி வருட மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றும் வாஷிங் மெஷின்தான் எங்கள் நான்கு பேரின் புராஜெக்ட். 50 செ.மீ. விட்டத்தில் ஓட்டை போட்ட டிரம், அதைச் சுற்றி வெளியே ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். பழைய சைக்கிளின் பெடல் சக்கரத்தைக் (44 பல்) கைப்பிடியாக்கி, பின்சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்தை (18 பல்) டிரம் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கிறோம். பிரமாதமாகச் சுற்றுகிறது. ஆனால் பத்து நிமிடம் சுற்றினாலும் சட்டைக் காலரில் அழுக்கு அப்படியே இருக்கிறது. மின்சாரம் வருவதற்கு முந்தைய மெஷின்கள் எப்படித் துவைத்தன? நாங்கள் எங்கே தவறு செய்தோம்?"

தம்பி, பிரமாதமாகச் சுற்றுவதுதான் உங்கள் தவறு.

கணக்கைப் பாருங்கள். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.4. நீங்கள் நிமிடத்துக்கு 50 தடவை கைப்பிடியைச் சுற்றினால் டிரம் 120 சுற்றுக்கு மேல் போகும். 50 செ.மீ. டிரம்முக்கு ஓர் எல்லை வேகம் உண்டு. 42.3-ஐ, மீட்டரில் சொன்ன விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். உங்களுக்கு அது நிமிடத்துக்கு 60 சுற்று. அதைத் தாண்டினால் துணி டிரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா கூடவே சுற்றும். உங்கள் வேகத்தில் துணியைச் சுவரில் அழுத்தும் விசை புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு. ஜயன்ட் வீலில் உட்கார்ந்தவர் மாதிரி அது பாட்டுக்கு சுற்றி வருகிறது, அழுக்கு ஏன் போகப்போகிறது?

டிரம் இயந்திரத்தில் துணி மேலே ஏறிப் பொத்தென்று விழ வேண்டும். துவைகல்லில் ஓங்கி அடிப்பதன் சோம்பேறி வடிவம்தான் அது. விழுந்தால்தான் அடி, அடி விழுந்தால்தான் அழுக்கு போகும். எல்லை வேகத்தில் முக்கால் பங்கு, அதாவது நிமிடத்துக்கு 40 முதல் 45 சுற்று, உங்களுக்குப் போதும். அப்படியானால் பல்சக்கர விகிதமே தேவையில்லை. கைப்பிடியை நேராக டிரம் ஷாஃப்ட்டிலேயே மாட்டலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் செய்திருப்பது கிட்டத்தட்ட 1782-இல் லண்டனில் ஹென்றி சிட்ஜியர் காப்புரிமை வாங்கிய அமைப்பு. மரச்சட்டங்களால் ஆன கூண்டு போன்ற பீப்பாய், அதற்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, சுற்ற ஒரு கைப்பிடி. சட்டங்களின் இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வரும். அவரிடம் சைக்கிள் செயின் இல்லை என்பதால் உங்கள் தவறைச் செய்ய அவருக்கு வழியில்லை.

அதற்கும் முன்பே பலர் முயன்றிருக்கிறார்கள். துவைப்பதும் பிழிவதுமான இயந்திரங்களுக்கு இங்கிலாந்தில் முதல் காப்புரிமை 1691-லேயே பதிவாகிவிட்டது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் யாக்கோப் கிறிஸ்டியான் ஷெஃபர் என்ற பாதிரியார் 1760-களில் தொட்டியும் கலக்குகட்டையுமாக ஒரு துவைப்பு இயந்திரத்தை விவரித்து அச்சிட்டார். மனிதர் கந்தலுக்குப் பதில் குளவிக்கூட்டிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் காகிதம் செய்து பார்த்தவர், சும்மா இருக்கத் தெரியாதவர். ஆனால் உங்களுக்கு வரலாறு பரீட்சை இல்லை என்பதால், அந்தக் காலத்தவர்கள் பிடித்த வழிகளை மட்டும் சொல்கிறேன். கை செய்யும் வேலைகளில் எதை இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்பதுதான் அவர்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி. அடிப்பதா, கசக்குவதா, கும்முவதா, அலசுவதா?

அடிக்கும் வழி, டிரம். இதில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த ஓர் ஆங்கிலேய இயந்திரத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சால்ஃபோர்டில் தாமஸ் பிராட்ஃபோர்டின் நிறுவனம் செய்தது, 'வவல்' என்று பெயர். ஆங்கில உயிரெழுத்துகளை வைத்து மாடல்களுக்குப் பெயர் சூட்டினார்கள். அது எட்டுப் பக்கம் கொண்ட மூடிய மரப்பெட்டி. துணி, சோப்பு, வெந்நீர் எல்லாம் உள்ளே. பெட்டி முழுவதும் புரளும். உருண்டையாக இல்லாமல் ஏன் எட்டுப் பக்கம்? வழவழப்பான உருளைக்குள் ஈரத்துணி ஏறாது, அடியிலேயே வழுக்கிக்கொண்டு கிடக்கும். மூலைகள் இருந்தால் துணி அதில் சிக்கி மேலே ஏறி, பிறகு விழும். உங்கள் டிரம்மின் உள்சுவரில் நீளவாக்கில் மூன்று வரம்பு கட்டுங்கள், ஐந்தாறு செ.மீ. உயரம் போதும். இன்றைய முன்பக்கக் கதவு மெஷினுக்குள் கைவிட்டுப் பாருங்கள், அதே மூன்று வரம்புகள் தட்டுப்படும்.

கும்மும் வழி இன்னும் எளிது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஒரு 'டாலி' இருந்தது. முக்காலியைக் கவிழ்த்து அதன் நடுவில் ஒரு கம்பை நட்டு, மேலே குறுக்காக ஒரு பிடி வைத்தால் அதுதான் டாலி. தொட்டிக்குள் இறக்கி இடமும் வலமும் திருப்புவார்கள். அதை ஒரு மூடியில் பொருத்தி, நெம்புகோலோ சக்கரமோ கொடுத்தபோது தொட்டி மெஷின் பிறந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலம் நியூட்டனில் விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த மேடேக் நிறுவனம், வியாபாரம் படுத்துவிடும் மாதங்களைச் சமாளிக்க 1907-இல் 'பாஸ்டைம்' என்று இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. மரத்தொட்டியின் உட்புறம் அலை அலையாக இருக்கும். தேய்க்கும் பலகையை வளைத்துச் சுவராக்கியது மாதிரி. மூடியில் தொங்கும் முளைகள் துணியைப் பிடித்து அந்த அலைச்சுவரில் இழுக்கும். (பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவர் ஒரு நாளாவது அதைச் சுற்றிப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.)

டாலி ஒரே திசையில் சுற்றாது என்பதுதான் இதில் முக்கியம். நம் வீட்டு மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைச் சுற்றித் தயிர் கடையும்போது மத்து அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித்தான் திரும்பும். ஒரே பக்கமாகச் சுற்றினால் தயிர் மொத்தமாகச் சேர்ந்து சுழலும், வெண்ணெய் திரளாது. துணியும் அப்படித்தான். போதாததற்கு, வேட்டியும் புடவையும் உள்ளே போனால் ஒரே திசைச் சுற்றில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும், பிரிப்பதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது தவறு. சைக்கிளின் பின் பல்சக்கரம் ஃப்ரீவீல். முன்னால் சுற்றினால் பிடிக்கும், பின்னால் சுற்றினால் டிக் டிக் டிக் என்று வழுக்கும். ஆகவே உங்கள் டிரம்மால் எதிர்த்திசையில் சுற்றவே முடியாது. செயினை விடவே மனமில்லை என்றால் இருபுறமும் ஒரே அளவுப் பல்சக்கரம் போடுங்கள், டிரம் பக்கம் ஃப்ரீவீல் வேண்டாம். இந்தப் பக்கம் பத்துச் சுற்று, அந்தப் பக்கம் பத்துச் சுற்று. திசை மாற்றுவதற்காகப் பாதிப் பல் சக்கரம், பற்சட்டம் என்றெல்லாம் அந்தக் காலத்தில் தலையை உடைத்துக்கொண்டார்கள். கையால் சுற்றும்போது அந்த வேலையைக் கையே செய்துவிடும், செலவில்லை.

கைப்பிடி நேராக டிரம்மில் மாட்டப்பட்டால் கை கனக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று கிலோ துணி தண்ணீர் குடித்தால் எட்டு ஒன்பது கிலோ ஆகும். அந்தப் பொதி ஒரு பக்கமாக ஏறும்போது முழு எடையும் கையில் தெரியும். சைக்கிள் பெடல் தண்டின் நீளம் 17 செ.மீ.தான். 30 செ.மீ. நீளத்தில் ஒரு தண்டு வெட்டிப் போடுங்கள், தேவையான விசை கிட்டத்தட்டப் பாதியாகும். தண்ணீர் டிரம்மில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். நிறைத்துவிட்டால் துணி மிதக்கும், விழாது. நுரை அதிகம் வரும் பவுடரும் கூடாது. நுரை, விழும் துணிக்கு மெத்தை போட்டுவிடும். கையால் துவைக்கும் பவுடரை விட்டுவிட்டு, முன்பக்கக் கதவு மெஷினுக்கென்று விற்பதைப் பாதியளவு போட்டுப் பாருங்கள். சுற்றும் நேரத்தைவிட ஊறும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

அலசும் வழியையும் விட்டுவிடக் கூடாது. கம்பின் நுனியில் கவிழ்த்த புனல் போல, செம்பாலோ தகரத்தாலோ செய்த ஒரு கூம்பு. அதைத் துணிமேல் அழுத்தித் தூக்கினால் தண்ணீர் துணியின் இழை வழியாக உறிஞ்சப்பட்டு வெளியேறும். பல்சக்கரம், பேரிங் எதுவும் கிடையாது. துணியை இழுத்துத் தேய்ப்பதைவிட அதன் ஊடாகத் தண்ணீரைத் தள்ளுவது நல்லது என்பது இந்தக் கூம்பிலேயே இருக்கிறது. மேடேக் நிறுவனமும் 1922-இல் கலக்கியைத் தொட்டியின் அடிக்கு மாற்றி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. துணியும் அவ்வளவு சீக்கிரம் நையாது. புராஜெக்ட் தேதி நெருங்கிவிட்டதென்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் மதிப்பெண் போடுகிறவர் கூம்பைப் பார்த்து முகம் சுளிப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்று, பிழிவது. துவைப்பதில் மணிக்கட்டு ஒடிவது அங்கேதான், துணி காய எவ்வளவு நேரம் ஆகும் என்று முடிவாவதும் அங்கேதான். டிரம்மைச் சுற்றியே தண்ணீரை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மின்சார மெஷின் பிழியும்போது நிமிடத்துக்குப் பல நூறு சுற்று போகிறது, கையால் அதை எட்டுவது கஷ்டம். பழைய காலத்தவர்கள் அதனால் உருளைகளுக்குப் போனார்கள். கரும்புச்சாறு வண்டி பார்த்திருப்பீர்கள், அதேதான். இரண்டு உருளை, நடுவில் துணி, மேலே இறுக்க ஒரு திருகும் வில்லும். வெறும் மர உருளையில் துணி வழுக்கும், பட்டன் நொறுங்கும். சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்த பிறகே வெந்நீருக்கும் சோப்புக்கும் தாங்கும் ரப்பர் உருளை கிடைத்தது. வாஷிங்டனில் எல்லன் எக்லின் என்ற கறுப்பினப் பெண் இந்தப் பிழிகருவியில் ஒரு மேம்பாட்டைக் கண்டுபிடித்து, 1888-இல் அதன் உரிமையை வெறும் 18 டாலருக்கு விற்றார். கறுப்பினப் பெண் செய்தது என்று தெரிந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் வாங்க மாட்டார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

உங்கள் பீப்பாயின் விளிம்பில் ஒரு சிறிய உருளைப் பிழிகருவியை மாட்டினால் வெறும் டிரம் கொண்டுவரும் குழுவைவிட நீங்கள் இரண்டு படி மேலே. விரல் உள்ளே போகாதபடி முன்னால் ஒரு தகடு வையுங்கள். அந்தக் கால உருளைகள் நசுக்கிய விரல்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கையால் சுற்றுவது மியூசியத்தோடு முடிந்த விஷயமும் அல்ல. பிரிட்டிஷ் பொறியாளர் நவ்ஜோத் சாஹ்னி புதுச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் தங்கி வேலை செய்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் துணி துவைத்துப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, கையால் சுற்றும் டிரம் மெஷின் ஒன்றை வடிவமைத்தார். இயந்திரத்துக்கு அந்தப் பெண்ணின் பெயரையே வைத்தார், 'திவ்யா'. ஈராக்கில் அகதிகள் முகாம்களுக்கும் அது போயிருக்கிறது. உங்கள் அறிக்கையில் முன்னோடி என்று அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்களைச் செய்த பிறகு பழைய வேட்டி ஒன்றை மூன்றாகக் கிழித்து, மூன்றிலும் ஒரே அளவு சாம்பாரைத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். ஒன்றைக் கையால் துவையுங்கள், ஒன்றை நிமிடத்துக்கு 45 சுற்றில் போடுங்கள், மற்றொன்றைப் பழையபடி 120-இல். மூன்றையும் நிழலில் உலர்த்தி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அறிக்கையில் வையுங்கள். வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளுத்துப் போய், உங்கள் டிரம்முக்கு இல்லாத பெருமையைக் கொடுத்துவிடும்.