மரியோ விலை ஏன் இறங்குவதே இல்லை? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விலை இறங்காத கேம்கள் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய கேம் டிஸ்க், கார்ட்ரிட்ஜ் வாங்கி விற்கும் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். எது அலமாரியிலேயே கிடக்கும், எது வந்த அன்றே போய்விடும் என்பது அங்கே பழகியது. பாதிக்கு மேல், மரியோ கேம்களைச் செய்யும் ஜப்பான் நிறுவனமான நின்டென்டோ பற்றிய கேள்விகள்தான், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: அண்ணா, மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற பந்தய கேம் வந்து இத்தனை வருடம் ஆகியும் அதே 60 டாலர். மற்ற கம்பெனி கேம்கள் ஒரே வருடத்தில் பாதி விலைக்கு வந்துவிடுகின்றன. இவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

பதில்: தம்பி, அது இன்னும் விற்கிறது. நின்டென்டோவின் கேம் மெஷினான ஸ்விட்சில் அந்த கேம் வந்தது 2017 ஏப்ரலில். 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை, அதாவது ஏழாவது வருடத்தில், 81 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஸ்விட்சோடு சேர்த்துக் கொடுத்ததும் அந்தக் கணக்கில் உண்டு என்றாலும் அது பெரிய எண். எத்தனையோ கேம்களுக்கு வாழ்நாள் முழுக்க அந்த விற்பனை கிடைப்பதில்லை.

பொதுவாக ஒரு பெரிய கேம் வந்ததும் தீவிர ரசிகர்கள் முதல் சில வாரங்களில் முழு விலை கொடுத்து வாங்கிவிடுவார்கள். பிறகு கூட்டம் குறையும். 40 டாலர் என்றால் வாங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்காக ஒரு இறக்கம், 20 என்றால் பார்க்கலாம் என்பவர்களுக்காக இன்னொன்று. இப்படிப் படிப்படியாக இறங்கித்தான் மிச்சமிருக்கும் ஆட்களைப் பிடிக்க முடியும். மரியோ கார்ட்டை வாங்குபவர் அப்படிக் காத்திருந்தவர் இல்லை. போன வாரம்தான் ஸ்விட்ச் வாங்கியிருப்பார், அவருக்கு அது புது கேம். மெஷின் விற்கும் வரை இந்த வரிசை நீண்டுகொண்டே போகும். கதை முடிந்தால் மூடி வைக்கிற கேமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடும் கேமுக்குப் பழசாவது என்பது மெதுவாகத்தான் நடக்கும்.

கேள்வி: போட்ட பணம் எப்போதோ திரும்பி வந்திருக்குமே சார். அதன் பிறகும் அதே விலை வாங்குவது நியாயமா?

பதில்: விலை செலவைப் பார்த்து வைக்கப்படுவதில்லை, கொடுக்கத் தயாராக இருப்பவர்களைப் பார்த்து வைக்கப்படுகிறது. போட்ட பணம் திரும்பாத கேம்கள்கூட நஷ்டத்தோடுதான் 10 டாலருக்கு இறங்குகின்றன. நியாயம் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: பொறுமையாகக் காத்திருந்தால் என்றாவது ஒரு நாள் இறங்கும்தானே?

பதில்: இந்த நினைப்பை உங்கள் மனதிலிருந்து எடுப்பதுதான் நின்டென்டோவின் முழு வேலையும். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீண்ட நாள் உழைக்கும் ஒரு பொருளை ஒரே ஆள்தான் விற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வெளியே போட்டி இல்லை. ஆனால் நாளைக்கு அவரே விலையைக் குறைப்பார் என்று வாங்குபவர்களுக்குத் தோன்றினால், இன்றைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அப்போது அவர் இன்றைக்கே குறைத்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடி நிச்சயம் என்று தெரிந்த பிறகு ஆனி மாதத்தில் அவசரமில்லாமல் யார் துணி எடுக்கிறார்கள்?

இதிலிருந்து தப்ப ஒரு வழி, குறைக்க மாட்டேன் என்று சொல்லி, பல வருடம் அப்படியே நடந்து காட்டுவது. நின்டென்டோ அதைத்தான் செய்கிறது. மார்ச் 10-ஐ ஒட்டி மரியோ நாள் என்று சில கேம்களை 40 டாலருக்குக் கொடுப்பார்கள். நவம்பர் தள்ளுபடியிலும் கொஞ்சம் வரும். சில நாளில் விலை பழைய இடத்துக்கே போய்விடும். எதிர்ப்பக்கம் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தைப் பாருங்கள். அவர்களுடைய கேம்கள் சில மாதங்களிலேயே தள்ளுபடிக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் முதல் நாள் வாங்கவே பலர் யோசிக்கிறார்கள்.

கேள்வி: நின்டென்டோ ஒருமுறை பெரிதாக விலை குறைத்துச் சூடுபட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கேமில் இல்லை, மெஷினில். 2011-இல் 3டிஎஸ் என்ற கையடக்க மெஷின் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. விற்பனை சரியில்லை. ஆறு மாதத்துக்குள் 15,000 யென் ஆக்கினார்கள். அமெரிக்காவில் 250 டாலரிலிருந்து 170. முன்பே வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல் வரத்தானே செய்யும்? அன்றைய தலைவர் சதோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். சீக்கிரம் வாங்கியவர்கள் தண்டிக்கப்பட்டதாக உணரக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் நாள் நம்பி வந்தவரை ஏமாளியாக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த நிறுவனத்தில் எவ்வளவு ஆழமானது என்று இதில் தெரிகிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

கேள்வி: முன்பு 'செலக்ட்ஸ்' என்று பழைய நின்டென்டோ கேம்களுக்கு 20 டாலர் வரிசை ஒன்று இருந்ததே, அது எங்கே போனது?

பதில்: ஸ்விட்சில் அது வரவே இல்லை. என் மனக்குறையும் இதுதான். டாங்கி காங் கன்ட்ரி: டிராபிகல் ஃப்ரீஸ் என்ற கேம் 2014-இல் வீ யூ மெஷினுக்கு 50 டாலரில் வந்தது. 2016-இல் செலக்ட்ஸில் 20 டாலர் ஆனது. 2018-இல் அதையே ஸ்விட்சுக்கு மாற்றி 60 டாலர் போட்டார்கள். எளிதாக ஆட ஒரு புதுப் பாத்திரத்தைச் சேர்த்திருந்தார்கள், சரி. அதற்காக முதலில் வந்தபோது இருந்ததைவிட 10 டாலர் கூடுதலா? விலையை இறக்காமல் வைத்திருப்பது வேறு. நாலு வருடப் பழைய கேமுக்கு விலையை ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வீ யூ அதிகம் விற்காததால் பலருக்கு அந்த கேம் புதிது, அந்தத் தைரியத்தில் வைத்த விலை அது.

கேள்வி: நான் கணினியில் மட்டும் ஆடுபவன். ஃபேக்டோரியோ என்ற கேமை, கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் விஷ்லிஸ்டில் (வாங்க நினைப்பவற்றின் பட்டியலில்) போட்டு மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன்...

பதில்: நண்பா, காத்திருக்காதீர்கள். அந்த கேமைச் செய்த, பிராக் நகரிலிருக்கும் வூபே சாஃப்ட்வேர் அதற்குத் தள்ளுபடியே கொடுத்ததில்லை, கொடுக்கும் திட்டமும் இல்லை என்று ஸ்டீம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விலை ஏறத்தான் செய்திருக்கிறது. 2016-இல் ஸ்டீமுக்கு வந்தபோது 20 டாலர், 2018-இல் 30, 2023 ஜனவரியில் 35. கடைசி ஏற்றத்துக்குப் பணவீக்கத்தைக் காரணம் சொன்னார்கள், அதையும் முன்கூட்டியே அறிவித்தார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. விஷ்லிஸ்டில் இருக்கும் கேமுக்கு 20 சதவீதமோ மேலோ தள்ளுபடி வந்தால்தான் ஸ்டீம் உங்களுக்கு மெயில் அனுப்பும். கோடை விற்பனை, குளிர்கால விற்பனை என்று முகப்பில் கிடைக்கும் இடமும் போய்விடும். ஆடியவர்கள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே விற்கிற கேம் என்பதால் அவர்களால் தாங்க முடிகிறது. புதிதாக கேம் செய்யும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதைப் பின்பற்ற வேண்டாம். பெயர் தெரியாத கேமுக்குத் தள்ளுபடி நாள்தான் வெளிச்சம்.

ஃபேக்டோரியோவுக்கு இலவச டெமோ இருக்கிறது, முதலில் அதை ஆடிப் பாருங்கள். வாங்கிய பின் பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.

கேள்வி: ஜிடிஏ 5-உம் இன்னும் விற்கிறதே. அது மட்டும் ஏன் அடிக்கடி மலிவாக வருகிறது?

பதில்: அந்த கேமுக்கு உள்ளேயே கடை இருக்கிறது. 20 கோடிக்கும் மேல் விற்ற கேம் அது, ஆனாலும் ஆன்லைனில் ஆடுபவர்கள் தொடர்ந்து செலவு செய்வதில்தான் தொடர் வருமானம். நுழைவு மலிவாக இருந்தால் உள்ளே வருபவர்கள் கூடுவார்கள்.

கேள்வி: வணக்கம் சார். பையனுக்கு ஸ்விட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டேன், கேம் விலை கேட்டுத் தலை சுற்றுகிறது. என்ன வழி?

பதில்: அம்மா, கார்ட்ரிட்ஜாக வாங்குங்கள், டவுன்லோடாக வேண்டாம். நின்டென்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, கடைகளில் இருப்பதெல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் பொதுவாக ஓடும், ஆங்கிலம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது விலை இறங்காததால் பழைய கார்ட்ரிட்ஜ் விலையும் அதிகம் இறங்காது. நல்ல நிலையில் இருக்கும் மரியோவை எங்கள் கடையில் யாரும் நாளைக்கு வருகிறேன் என்று விட்டுப் போனதில்லை. பழசாக வாங்கி, பையன் ஆடி முடித்ததும் விற்றால், போட்டதில் பெரும்பகுதி திரும்பும். அந்தப் பணத்தில் அடுத்தது. டவுன்லோட் செய்த கேமை விற்க முடியாது. டிஎஸ் என்ற பழைய நின்டென்டோ மெஷின் காலத்து போக்கிமான் கார்ட்ரிட்ஜ் யாராவது மலிவாகக் கொடுத்தால் மட்டும் எச்சரிக்கை, போலி நிறைய சுற்றுகிறது.

கேள்வி: கடைசியாக, ஸ்விட்ச் 2-இன் மரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலர். அதுவாவது இறங்குமா?

பதில்: 2025 ஜூனில் மெஷினோடு வந்த கேம் அது. மெஷினோடு சேர்த்து வாங்கினால் கூடுதலாக 50 டாலர்தான் ஆனது, அந்த வாய்ப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள். தனியாக வாங்க விலை இறங்கட்டும் என்று இருந்தால், பழைய மரியோ கார்ட்டுக்குக் காத்திருந்தவர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். வேண்டுமென்றால் வாங்கி ஆடுங்கள், இல்லையென்றால் பழைய 8-ஐயே போட்டு ஆடுங்கள். ஸ்விட்ச் 2-இல் அதுவும் ஓடும்.