மூன்று நாள் பயிற்சி, அதே ரிஜெக்ஷன்

தொழிற்கூடம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் மெஷின் ஷாப்பில் 12 பேருக்கு மூன்று நாள் அளவெடுக்கும் பயிற்சி நடந்தது. எல்லோருக்கும் சான்றிதழும் வந்தது. ஆனால் விட்டம் அளவு மீறியதென்று திரும்பி வரும் ஷாஃப்ட்டுகள் குறையவே இல்லை. கோளாறு எங்கே?

பதில்: பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ், போர் கேஜ், டயல் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ரிஜெக்ஷன் வருவது ஷாஃப்ட் விட்டத்தில். அதற்கு வேண்டியது மைக்ரோமீட்டர் ஒன்றுதான், அதற்கு அரை நாள் கொடுத்திருந்தால் பெரிது.

மைக்ரோமீட்டரில் தப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் தப்பு. ஸ்லீவில் (நகராத உருளை அளவுகோலில்) 12 மி.மீ. கோடு தெரிகிறது, அரை மில்லிமீட்டர் கோடும் தெரிகிறது, திம்பிள் (சுற்றும் உறை) 28இல், அதாவது 0.28இல், நிற்கிறது. அளவு 12.78. அரைக் கோட்டைக் கவனிக்காதவர் 12.28 என்று எழுதுவார். சரியாக 0.50 வித்தியாசம் வருவதால் யாராவது பிடித்துவிடுவார்கள்.

ஆபத்தானது இரண்டாவது வகை. அழுத்தம் மிகாமல் நழுவிக்கொடுக்கும் ராட்செட்டைத் தொடாமல் திம்பிளையே இறுக்குவது, முகங்களைத் துடைக்காமல் ஜீரோ பார்ப்பது, டூல் விலகியதும் சூட்டோடு சூடாக அளப்பது. 50 மி.மீ. எஃகு ஷாஃப்ட் 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் 0.009 மி.மீ. அளவுக்குப் பெருத்துக் காட்டும். உங்கள் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) மொத்தமே 0.02 என்றால் அதில் கிட்டத்தட்டப் பாதியைச் சூடே தின்றுவிட்டது. ஆபரேட்டர் 'பெரிது' என்று நினைத்து மெஷினில் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போடுவார். ஆறியதும் ஷாஃப்ட் சின்னதாகிவிடும்.

அடுத்த வகுப்பை ஏற்பாடு செய்யும் முன் ஒரு சோதனை வையுங்கள். அளவில் கொஞ்சம் ஏறியிறங்கி இருக்கும் 10 ஷாஃப்ட்டுகளை எடுத்து, அடியில் எண் போட்டுக்கொள்ளுங்கள். ஆறியபின் மூன்று ஆபரேட்டர்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல், வரிசையை மாற்றி மாற்றி இரண்டு தடவை அளக்கட்டும். ஒருவருடைய இரண்டு அளவுமே ஒத்துப்போகவில்லை என்றால் கைப்பழக்கம் போதவில்லை. ஒவ்வொருவரும் தமக்குள் ஒத்துப்போய், ஆளுக்கு ஆள் மாறினால் பிடிக்கும் முறையோ அழுத்தமோ வேறு. மூவரும் ஒத்துப்போய், கேஜ் பிளாக்கில் (அளவு உறுதியான எஃகுக் கட்டையில்) வைத்தால் எல்லோருமே ஒரே பக்கம் விலகினால் மைக்ரோமீட்டர்தான் கெட்டிருக்கிறது. அதற்கு ஆட்களை வகுப்புக்கு அனுப்பிப் பயனில்லை. பயிற்சிக்குப் பிறகு இதே 10 ஷாஃப்ட்டுகளை மறுபடி அளக்க வையுங்கள். சான்றிதழைவிட அந்தத் தாள் உங்களுக்கு உண்மை சொல்லும்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த 6 பேருக்கு சிஎன்சி லேத் (கணினிக் கட்டளையில் ஓடும் கடைசல் மெஷின்) கற்றுத்தர நிர்வாகம் இரண்டே நாள் தருகிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: புரோகிராம் எழுதுவதை விட்டுவிடுங்கள். ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதையும் விடுங்கள். முதலில் நேரக் கணக்கு: இரண்டு நாளில் 14 மணி நேரம். பேச்சுக்கு 2 மணி போனால் மிச்சம் 12. ஒரு மெஷினில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 4 மணி நேரம் கை வைக்கக் கிடைக்கும். ஆறு பேரும் ஒரே மெஷினைச் சுற்றி நின்றால் ஆளுக்கு 2 மணிதான். மீதி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மெஷின் கேட்டு வாங்குங்கள்.

அந்த நாலு மணியில் பெரும்பங்கு வியர் ஆஃப்செட்டுக்கு (டூல் தேய்வுக்கான சின்னத் திருத்தத்துக்கு) போகட்டும். புது ஆபரேட்டர் முதல் மாதத்தில் ஜாப்பை (வெட்டும் துண்டை) கெடுப்பது பெரும்பாலும் அங்கேதான். வெளிவிட்டம் 30.00 வேண்டும், 30.04 வந்திருக்கிறது என்றால் எக்ஸில் (டூல் ஜாப்பின் குறுக்கே நகரும் அச்சில்) 0.04 கழிக்க வேண்டும். லேத்தில் எக்ஸ் பொதுவாக விட்டக் கணக்கு. 'ஒரு பக்கம்தானே வெட்டுகிறது' என்று பாதியாக்கி 0.02 போடுபவர் உண்டு, 30.02 வரும். உள்விட்டத்தில் திசை தலைகீழ்: 25.00க்கு 24.96 வந்தால் 0.04 கூட்ட வேண்டும்.

அடுத்தது பட்டன். ஏற்கெனவே -0.12 இருக்கிறது, இன்னும் 0.04 கழிக்க வேண்டும். கூட்டிச் சேர்க்கும் '+இன்புட்' அழுத்தினால் -0.16 ஆகும், சரி. வெறும் 'இன்புட்' அழுத்தினால் பழையது அழிந்து -0.04 மட்டும் நிற்கும். அடுத்த ஜாப் முந்தையதைவிட 0.08 பெருத்துப்போகும். இதே தப்பை வியர் பக்கத்தில் செய்யாமல் டூலின் அடிப்படை இட அளவு இருக்கும் ஜியாமெட்ரி பக்கத்தில் செய்தால் ஜாப்போடு போகாது, டூலே சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் தலையில்) மோதும். புள்ளியும் அப்படித்தான். புள்ளி வைக்காமல் 4 என்று தட்டினால், மெஷின் அமைப்பைப் பொறுத்து அது 0.004 ஆகவும் எடுக்கப்படலாம், முழு 4 மி.மீ. ஆகவும் எடுக்கப்படலாம். உங்கள் மெஷினில் எது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

பயிற்சிக்கு அலுமினியம் அல்லது நைலான் ராடு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே ஆஃப்செட்டைக் கொஞ்சம் கெடுத்துவைத்து, அவர்களை அளந்து திருத்தச் சொல்லுங்கள். கெடுத்ததைத் திருத்திப் பழகாதவருக்குத் திருத்த வராது. இரண்டாம் நாள் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனைத் துண்டு) மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் வெளிவிட்ட டூலுக்கு எக்ஸில் 0.2 கூட்டி, முதல் ஜாப்பை வேண்டுமென்றே பெரிதாக வெட்டி, அளந்து, பிறகு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உள்விட்ட டூலுக்கு 0.2 கழித்து. புது இன்சர்ட் பழையது உட்கார்ந்த அதே புள்ளியில் உட்காரும் என்று நம்பி ஓட்டினால் முதல் ஜாப் ஸ்கிராப்.

கேள்வி: எங்கள் அசெம்பிளி லைனில் பழைய ஆட்கள் வேலையில் கெட்டி. ஆனால் புதியவருக்குச் சொல்லித்தரச் சொன்னால், 'இப்படித்தான்' என்று செய்து காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொல்லித்தரவே ஒரு பயிற்சி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பழையது. 1940இல் அமெரிக்காவில் போர்க்காலத் தேவைக்காகத் தொடங்கிய 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' திட்டத்தில், வேலை கற்றுக்கொடுப்பதற்கென்றே ஒரு குறும்பயிற்சி இருந்தது. இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வு, மொத்தம் 10 மணி நேரம். ஒரு குழுவில் 10 பேர் அளவு. இன்றைக்கும் அதைவிடச் சிக்கனமான முறை கண்ணில் படவில்லை.

அதன் உயிர் ஒரு தாள். இன்றைய வடிவில் மூன்று பத்தி: என்ன செய்வது, எதில் கவனம், ஏன். நாலு போல்ட் ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு வளையம்) முடுக்குவதை எழுதிப் பார்க்கலாம். போல்ட்டை முதல் இரண்டு மூன்று மரை விரலாலேயே ஏற்ற வேண்டும், கன் (முடுக்கும் மெஷின்) வைக்கக்கூடாது; ஏனென்றால் மரை மாறி ஏறினால் கன் அதை உணராது, மரையை அறுத்துவிடும். எதிரெதிராக, இரண்டு சுற்றாக முடுக்க வேண்டும்; வரிசையாக முடுக்கினால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் கசியும். டார்க் ரெஞ்சைக் கைப்பிடியில் மட்டும் பிடித்து, 'கிளிக்' கேட்டதும் விட வேண்டும். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தால் அளவு கூடிவிடும். முடுக்கியதும் பெயின்ட் மார்க். அந்த 'ஏன்' பத்தியைப் பழைய ஆளை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். அவர் கை தானாகச் செய்வதை அவர் வாயால் சொல்லிப் பழக்கம் இருக்காது.

பிறகு புதியவர் செய்யட்டும். முதல் தடவை பேசாமல். தப்பு செய்யப் போகும்போதே தடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவை என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, மூன்றாவதில் கவனத்தையும் சேர்த்து, நான்காவதில் காரணத்தையும் சேர்த்து. 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோருமே தலையாட்டுவார்கள்.

கேள்வி: ஹெல்பராக இருப்பவரை ஒரு வாரத்தில் வெல்டர் ஆக்க முடியுமா?

பதில்: முழு வெல்டர் ஆக்க முடியாது. ஒரே தடிமன் தகட்டில், ஒரே நிலையில், ஒரே வகை ஃபில்லெட் (இரு தகடு சேரும் மூலையில் போடும் வெல்ட்) போட வைக்கலாம். 6 மி.மீ. தகடு, 3.15 மி.மீ. ரூட்டைல் வகை வெல்டிங் ராடு, 90 முதல் 130 ஆம்பியருக்குள் என்று கட்டிப்போடுங்கள். ஆர்க் நீளம் ராடின் கம்பித் தடிமன் அளவுக்கு மேல் போகக்கூடாது. மேலே பார்க்க அழகாக இருக்கிறது என்று பாஸ் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வெல்ட் செய்த துண்டை வைஸில் பிடித்து உடையுங்கள். மூலையில் ஸ்லாக் (உருகிய கசடு) அடைத்திருப்பதும் வேர் பிடிக்காததும் அப்போதுதான் தெரியும். பைப், செங்குத்து வேலையெல்லாம் வாரக் கணக்கில் அடங்காது.

கேள்வி: வெளியே பயிற்சி முடித்து வந்தவரை மறுநாளே தனியாக மெஷினில் விடலாமா?

பதில்: மறுநாளே மெஷினில் விடுங்கள், தனியாக விடாதீர்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் கற்றதில் பெரும்பங்கு போய்விடும். மெஷின் வராதபோது ஆளைப் பயிற்சிக்கு அனுப்புவது அதனால்தான் வீண். இரவு ஷிஃப்ட் முடித்தவரைக் காலை வகுப்பில் உட்கார வைப்பதும் அதே கணக்குதான்.

தனியாக விடும் முன் ஒன்று பாருங்கள். சைக்கிள் நடுவே எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தச் சொல்லுங்கள். அதை எல்லோரும் அழுத்துவார்கள். பிறகு மெஷினை மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். வெளிவிட்டம் வெட்டும்போது நின்றிருந்தால் டூலை எக்ஸில் விலக்கிவிட்டு இசட்டில் (ஜாப்பின் நீளவாக்கு அச்சில்) எடுக்க வேண்டும். போரிங் பார் (உள்விட்டம் வெட்டும் டூல்) துளைக்குள் இருக்கும்போது நின்றிருந்தால் முதலில் இசட்டில் வெளியே எடுத்த பிறகுதான் எக்ஸ். பழக்க தோஷத்தில் எக்ஸ் பட்டனை நோக்கிக் கை போகிறதென்றால் இன்னும் ஒரு வாரம் யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.