வெளிநாட்டு உதவியை வெட்டினால் அமெரிக்காவில் வரி கட்டுபவருக்கு என்ன மிச்சம்?

கேள்வி: அமெரிக்க அரசு பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவியையும் சர்வதேச திட்டங்களையும் பெருமளவு வெட்ட முன்மொழிந்ததே, அங்கே வரி கட்டும் தமிழராக இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? உள்நாட்டுக் கஷ்டத்துக்கு முதலில் செலவழிப்பது நியாயம்தானே?

நியாயமான கேள்வி. நான் மேரிலாந்தில் இருக்கிறேன். மருந்து மொத்த வியாபாரத்தில் வேலை. எந்த மருந்து எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்க வேண்டும், எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவன். உதவியைக் குறைக்கலாமா என்றால், குறைக்கலாம், அதைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் சொல்வேன். ஆனால் 2025-ல் அதைச் செய்த விதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

முதலில் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2023 நிதியாண்டில் அமெரிக்கா கொடுத்த மொத்த வெளிநாட்டு உதவி சுமார் 7,200 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மத்திய அரசின் செலவில் அது 1.2 சதவீதம்தான். கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பின் கருத்துக்கணிப்பில் மக்களிடம் கேட்டபோது, சராசரியாகப் பட்ஜெட்டில் கால் பங்குக்கு மேல் இதற்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கால் பங்கு வெளியே போகிறது என்று நம்பினால் எனக்கும்தான் கோபம் வரும்.

2025 மே மாதம் வெள்ளை மாளிகை வெளியிட்ட 2026 நிதியாண்டு முன்மொழிவு, வெளியுறவுத் துறை மற்றும் சர்வதேச திட்டங்களின் நிதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெட்டச் சொன்னது. ஜனாதிபதியின் பட்ஜெட் ஒரு கோரிக்கைதான், ஒதுக்குவது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம். அதனால் முன்மொழிவைப் பார்த்து மட்டும் நான் பயந்திருக்க மாட்டேன். பயம் வந்தது வேறு காரணத்தால். அந்தக் காகிதம் வருவதற்கு முன்பே வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. ஜனவரி 20-ஆம் தேதியே வெளிநாட்டு வளர்ச்சி உதவிக்கு 90 நாள் தடை. மார்ச்சில், வெளிநாட்டு உதவியை வழங்கும் அரசு நிறுவனமான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். கென்னடி காலத்தில், 1961-ல் தொடங்கிய அந்த நிறுவனம், ஜூலை 1-ஆம் தேதியோடு உதவி வழங்குவதையே நிறுத்திவிட்டது.

இனி என் தொழில் அறிவு சொல்வதைச் சொல்கிறேன். ஹெச்ஐவி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் உதவியோடு சுமார் 2 கோடிப் பேர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரைகளில் பெரும்பகுதி இந்திய நிறுவனங்கள் தயாரிப்பது. பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் போட்டால்தான் தொழிற்சாலையில் வரிசை கிடைக்கும். அப்புறம் கப்பல், துறைமுகம், மத்தியக் கிடங்கு, லாரி, சின்ன கிளினிக், அங்கே ஒவ்வொருவருக்கும் எண்ணிக் கொடுக்கும் ஊழியர். இதில் எந்தக் கண்ணி விட்டாலும் மாத்திரை ஆளிடம் போய்ச் சேராது. மாத்திரை நின்றால் சில வாரங்களில் கிருமி உடலில் மறுபடி பெருகும். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் போகலாம்.

உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்று ஜனவரி கடைசியில் அறிவித்தார்கள்தான். ஆனால் பில்லுக்குப் பணம் போடும் அமைப்பு முடங்கியிருந்தது, ஒப்புதல் தர வேண்டிய அதிகாரிகள் விடுப்பில் அனுப்பப்பட்டிருந்தார்கள். காகிதத்தில் விலக்கு இருந்தது, கிடங்கிலிருந்து பெட்டி நகரவில்லை. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்.

துபாய் கிடங்கில் இருந்த பிஸ்கட்டுகளை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. பட்டினியில் இருக்கும் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட். அனுப்பச் சொல்லி உத்தரவு வரவில்லை, காலாவதித் தேதி வந்துவிட்டது. வாங்க ஆன செலவு 8 லட்சம் டாலர். கடைசியில் அதை எரிக்க இன்னொரு 1,30,000 டாலர் செலவழிக்க வேண்டி வந்தது. காலாவதி நெருங்கும் சரக்கை முதலில் வெளியே அனுப்பு என்பது கிடங்கில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம். இங்கே சேமிப்பு என்ற பேரில் உணவும் போனது, பணமும் போனது. அதே வருடம் சூடானில், உதவி நின்றதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுச் சமையலறைகள் மூடின. போருக்கு நடுவே ஊர் மக்களே சேர்ந்து நடத்திய சமையலறைகள் அவை.

எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு 1985-ல் உருவாக்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பையும் ஜனவரியில் முடக்கினார்கள். எங்கே பயிர் பொய்க்கிறது, எங்கே தானிய விலை ஏறுகிறது என்று முன்னாலேயே சொல்லும் அமைப்பு அது. பின்னர் ஓரளவு திரும்பி வந்தது. அதை நிறுத்தியதில் என்ன மிச்சம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உதவித் திட்டங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பணத்தில் பெரும்பங்கு வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகத்தான் போனது. உணவு உதவியில் பாதியை அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதனால் கப்பல் கூலி ஏறுகிறது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மையாக இருந்திருந்தால் இங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

உதவியைப் படிப்படியாக எப்படி முடிப்பது என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. தடுப்பூசிக் கூட்டமைப்பான காவி. ஒரு நாட்டின் வருமானம் உயர உயர, தடுப்பூசிச் செலவில் அந்த நாடு கட்ட வேண்டிய பங்கும் படிப்படியாக உயரும். ஒரு கட்டத்தில் முழுச் செலவையும் அந்த நாடே ஏற்கும். இது நமக்கு நெருக்கமான கதையும்கூட. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி இந்தியாவில் 2011 டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான், அதுவும் காவியின் உதவியோடு. பிறகு அந்தச் செலவை இந்திய அரசே ஏற்றுக்கொண்டது. உதவி வாங்கிய இந்தோனேசியா இன்று காவிக்கு நன்கொடை தருகிறது. அமெரிக்கா இதற்கு வருடத்துக்குக் கொடுத்துவந்தது சுமார் 30 கோடி டாலர். முடியும் நாளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் இந்தத் திட்டத்துக்குத்தான் 2026 பட்ஜெட் முன்மொழிவு பூஜ்யம் போட்டது.

சரி, உள்நாட்டுக் கஷ்டத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் ஏற்கனவே ஒதுக்கிய சுமார் 900 கோடி டாலரைத் திரும்ப எடுக்கும் சட்டத்தை காங்கிரஸ் நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் 216-213, செனட்டில் 51-48. பெரும்பகுதி வெளிநாட்டு உதவிப் பணம். 2024-ல் அரசின் பற்றாக்குறை 1.8 லட்சம் கோடி டாலர். அதில் இது இருநூறில் ஒரு பங்கு. அதே மாதம் கையெழுத்தான வரிச் சட்டம் பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணித்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவியையும் அந்தச் சட்டம் குறைக்கிறது. ஆக, சூடான் குழந்தையிடமிருந்து எடுத்தது இங்கே பால்டிமோரில் இருக்கும் ஏழைக் குழந்தைக்குப் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் நம் விவாதமே வேறாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் கொஞ்சம் ஆறுதல். திரும்ப எடுக்கச் சொன்ன பட்டியலில் பெப்ஃபாரின் 40 கோடி டாலரும் இருந்தது, செனட்டர்கள் எதிர்த்ததால் அது காப்பாற்றப்பட்டது. ஆளுங்கட்சியினரே எதிர்த்தார்கள். அதனால்தான் பிரதிநிதிகளுக்கு எழுதுவது வீண் என்று நான் நினைக்கவில்லை.

என் தொகுதிப் பிரதிநிதிக்கு நானும் எழுதினேன். திட்டத்தை மூட வேண்டும் என்று காங்கிரஸ் முடிவு செய்தால் மூடுங்கள். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் முடியும் தேதியை மூன்று வருடம் முன்னாலேயே சொல்லுங்கள். ஏற்கனவே போட்ட ஆர்டருக்குப் பணம் கொடுங்கள். கிடங்கில் இருப்பதைக் காலாவதிக்கு முன் அனுப்புங்கள். மாத்திரை சாப்பிடுபவர்களின் பதிவேட்டை அந்த நாட்டுச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுங்கள். இவ்வளவுதான் கேட்டேன்.