காலுறைச் செலவில் கை வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாக சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக இடது காலில், திசுத் திரவம் வடியாமல் தேங்கும் நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொண்டது. மாத்திரைச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு தருகிறது. ஆனால் காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் காலுறை, கட்டுத்துணி, வீக்கத்துக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்டின் கட்டணம் எதற்கும் தருவதில்லை. வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதால் வருமானமும் குறைந்துவிட்டது. பழைய காலுறையையே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா? வீக்கத்தைக் குறைக்கும் பம்ப் வாங்க ஓய்வுக்காலச் சேமிப்பை உடைக்கலாமா?

பதில்: காலுறையை ஓட்டாதீர்கள். பம்புக்காகச் சேமிப்பை இப்போதைக்கு உடைக்கவும் வேண்டாம்.

புற்றுநோய்ச் செலவு பெரியது, அதைக் காப்பீடு கவனிக்கிறது. வீக்கத்துக்கான செலவு சிறியது, முடிவில்லாதது, முழுக்க உங்கள் பையிலிருந்து போவது. பணம் இறுகும்போது எல்லோருடைய கையும் முதலில் இந்தச் சின்னச் செலவைத்தான் வெட்டப் போகும். உங்கள் விஷயத்தில் வெட்டக் கூடாத இடமே அதுதான். நிணநீர் தேங்கிய காலில் ஒரு சிறு கீறலோ விரலிடுக்குப் பூஞ்சையோ போதும், கிருமி உள்ளே போய் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று வந்துவிடலாம். சி.எல்.எல்.லும் அதன் சிகிச்சையும் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருப்பதால், அது மருத்துவமனையில் படுத்து ஊசி மருந்து ஏற்றும் அளவுக்குப் போகலாம். ஒருமுறை வந்தால் நிணநீர்க் குழாய்கள் இன்னும் பழுதாகி, அடுத்த முறைக்கும் வழி விட்டுவிடும். ஒருமுறை அட்மிட் ஆனால் உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதை ஒரு வருடக் காலுறைச் செலவோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? தினமும் போடும் காலுறை சுமார் ஆறு மாதத்தில் இறுக்கம் இழந்துவிடும். துவைக்க ஒன்று, போட ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். ஆக வருடத்துக்கு நான்கு. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2024 ஜனவரி முதல், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு மாதத்துக்கு மூன்று பகல்நேர உறைகளும், இரண்டு வருடத்துக்கு இரண்டு இரவுநேர உறைகளும் தருகிறது. அந்தக் காப்பீடு உங்களுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, தேவை எவ்வளவு என்பதற்கு அது நல்ல அளவுகோல். இதோடு தோல் கிரீம், கட்டுத்துணி, தெரபிஸ்ட் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போகும்படி செய்துவிடுங்கள். வாடகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: தள்ளுபடி என்று மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில், வீங்கிய நிணநீர்க் கணுக்கள் சுருங்கினால் கால் அளவும் மாறலாம். பொருந்தாத காலுறைக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

காப்பீட்டின் முதல் மறுப்பை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலுறை பல நேரம் சாதாரணக் கடைச் சரக்காகக் கருதப்பட்டுத்தான் தள்ளப்படுகிறது. நிணநீர் வீக்கத்தைத் தனி நோயாகப் பெயர் சொல்லி, எந்த அழுத்த வகை, வருடத்துக்கு எத்தனை, போடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள். பில்களை எறியாதீர்கள், வரிக் கழிவுக்கும் உதவலாம்.

மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை காலத்துக்கு? இப்ருடினிப், அகாலாப்ருடினிப் போன்றவை பொதுவாக, பலன் தந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் தொடர்ந்து சாப்பிட வேண்டியவை. முதல் சிகிச்சையாகத் தரப்படும் வெனிடோகிளாக்ஸ், ஒபினுடுசுமாப் கூட்டு சுமார் ஒரு வருடத்தில் முடிவது. எது உங்களுக்கு ஏற்றது என்பது மருத்துவ முடிவு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் செலவுக்கு முடிவுத் தேதி உண்டா இல்லையா என்று தெரியாமல் ஓய்வுக்காலத் திட்டம் போட முடியாது. பணமில்லை என்று மாத்திரையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாதீர்கள். கஷ்டத்தை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னால், மருந்து நிறுவன உதவித் திட்டம் இருக்கிறதா என்றாவது பார்க்கலாம்.

பம்பை முதலில் வாடகைக்கு எடுங்கள். அதற்கு முன் இதயக் கோளாறோ ரத்த உறைவோ இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். சில வாரம் பயன்படுத்தி, தெரபிஸ்ட் அளந்து பார்த்துச் சுற்றளவு குறைந்திருந்தால் வாங்குவதை யோசிக்கலாம். பம்ப் வந்தாலும் காலுறை போய்விடாது, அதன் மேல் கூடுதல் செலவுதான்.

ஓய்வுக்காலப் பணத்தைத் தொடும் முன், ஒரு மருத்துவமனைச் சேர்க்கைக்கான உங்கள் பங்கும் சில மாத வீட்டுச் செலவும் உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். அது சேரும்வரை புதிய நீண்டகால முதலீடு வேண்டாம்.

அப்புறம், வேலை நேரத்தை இன்னும் குறைக்கும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீர்கள். பல நிறுவனங்களில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கீழே போனால் குழுக் காப்பீடு கிடையாது. இப்போது இருக்கும் நோய்களோடு புதிய பாலிசி எடுப்பது உங்களுக்கு மிகக் கடினம். அந்த வரம்பு எத்தனை மணி நேரம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.