கேமராவை எதிரே நிறுத்தாதீர்கள்

கேள்வி: அண்ணே, பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். லித்தியம் பேட்டரி செல்லை ஆணியால் துளைக்கும் சோதனையை அதிவேகக் கேமராவில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேமரா வாடகைக்கு வருகிறது. லென்சுக்கு முன்னால் ஓர் அக்ரிலிக் தட்டை வைத்தால் போதுமா?

பதில்: போதாது தம்பி. அக்ரிலிக் பலத்த அடி பட்டால் கூரான சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் என்ற நெகிழி வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட்டும் சுமார் 147 பாகை செல்சியசில் இளகிவிடும் என்பதால் தீநாக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

தட்டைவிட முக்கியம், கேமரா செல்லுக்கு நேர் எதிரே இல்லாமல் இருப்பது. சோதனைப் பெட்டியின் பாலிகார்பனேட் ஜன்னலுக்கு வெளியே, 45 பாகை சாய்வில், பிம்பம் காட்டும் ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். கேமரா பக்கவாட்டில், கெட்டியான தடுப்புக்குப் பின்னால் இருந்து அந்தக் கண்ணாடியைப் பார்க்கட்டும். ஜன்னல் பெயர்ந்து வந்தாலும் நொறுங்குவது கண்ணாடிதான். முகம் பார்க்கும் கண்ணாடி இதற்கு ஆகாது. அதன் பூச்சு பின்பக்கம் இருக்கிறது, முன்பரப்பிலும் மங்கலாக இன்னொரு பிம்பம் விழும். என் முதல் பதிவில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் பக்கத்தில் ஒரு பேய்ப்பொறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் உழைப்பு அத்தனையும் போயிற்று. முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். படம் இடவலம் மாறி வரும், தொகுக்கும்போது திருப்பிக்கொள்ளலாம்.

சிதறலைவிட நான் அதிகம் அஞ்சுவது புகையை. எரியும் லித்தியம் செல் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கக்கும். லென்சின் கண்ணாடியையே அரிக்கும் வாயு அது. நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. புகையை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய பெட்டி இல்லையென்றால் இந்தச் சோதனையையே செய்யாதீர்கள், மேலாளர் அவசரப்படுத்தினாலும். கேமராவுக்குள் இருக்கும் மின்விசிறி சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகக் கேமராவை நெகிழிப் பையில் இறுகக் கட்டினால் சூடேறி நின்றுவிடும். பின்பக்கத்திலிருந்து சுத்தமான காற்று வர வழி விடுங்கள்.

கரி படிந்த ஜன்னலை அசிட்டோனால் துடைத்தால் பாலிகார்பனேட் வெளுத்து விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கீறல் விழுந்த தட்டை மாற்றிவிடுங்கள்.

துளைத்த கணத்திலிருந்து செல் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கேமராவை, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும் சுழல் நினைவகத்தில் ஓடவிட்டு, வெடித்த பிறகு பொத்தானை அழுத்தும்படி அமையுங்கள். அதற்கு முந்தைய நொடிகள் பத்திரமாகக் கிடைக்கும். பொத்தான் நீண்ட கம்பியில், பக்கத்து அறையில் இருக்கட்டும். இந்தப் பதிவு பெரும்பாலும் கேமராவின் தற்காலிக நினைவகத்தில்தான் கிடக்கும், மின்சாரம் போனால் அழிந்துவிடும். வெடித்த பதற்றத்தில் யாராவது மெயின் சுவிட்சை அணைப்பார்கள். ஆகவே கேமராவுக்குத் தனி மின்கலன் கொடுங்கள்.

பினாங்குப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டுவந்த கேமராவை, பையைத் திறக்காமல் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள், லென்சில் பனி படியாது.

எரிந்து அடங்கிய செல் மறுபடி பற்றிக்கொள்ளலாம். செல் அறை வெப்பத்துக்கு ஆறிவிட்டதாக வெப்பமானி காட்டி, புகையும் முழுக்க வெளியேறும்வரை, கேமரா நனைந்தாலும் எரிந்தாலும், யாரும் உள்ளே போகக் கூடாது.